கட்டப்பையில் உட்கார்ந்திருக்கிறவள்

அந்தக் கட்டப்பையைக் கீழே வைக்காதே தாயி. மடியில வச்சுக்க. உன் கால்ல மிதிபடுது பாரு. பைக்கு ஒண்ணும் ஆகாது, துவைச்சா போயிரும். பையில இருக்கிற ஆளைச் சொல்றேன். திருப்பு. இன்னும் கொஞ்சம் திருப்பு. ஆங், சிவப்பு மெத்தை வச்ச நாற்காலியில சாய்ஞ்சு உட்கார்ந்து, டீ கிளாஸைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தி சிரிக்கிறாளே, அவளை நல்லாப் பாரு. இப்ப என்னைப் பாரு.

தெரியலையா? மூக்கைப் பாரு. மூக்குத்தியைப் பாரு. நிறத்தைத்தான் கூட்டி விட்டுட்டாங்க, பாவிங்க. கம்ப்யூட்டர்ல வெளுத்தாங்களாம். கன்னத்துல இருந்த மருவையும் காணோம். மத்தபடி நானேதான். பேரு தவமணி. பையில பேரு போட்டிருக்கே, அந்த ஜவுளிக்கடையில, பட்டு செக்சன்ல, கல்யாணமாகி மதுரைக்கு வந்த வருசம் சேர்ந்தவ, பேத்தி எடுத்த பிறகும் நின்னேன். வேலை பார்த்தேன்னு சொல்ல மாட்டேன். நின்னேன். அதுதான் அங்க வேலை.

இருப்பா கண்டக்டரு, கத்தாதே. நாற்காலிக்குத்தான் லக்கேஜ் போட்டுட்டியே, அப்புறம் என்ன? அது பாட்டுக்கு அந்தக் கம்பி ஓரமா நிக்கட்டும். பார்த்தியா தாயி, பொம்பளைக்கு டிக்கெட் இல்லையாம், அவ தூக்கிட்டு வர்ற நாற்காலிக்கு டிக்கெட்டாம். நம்மளைவிட அதுக்கு மதிப்பு.

ஏத்தா பூக்காரம்மா, அதுல உட்காராதே! கூடையையும் வைக்காதே. அது உட்கார்றதுக்கு இல்ல. புதுசு. மேல சுத்துன காகிதம்கூடப் பிரிக்கலை பாரு. ஒருத்திக்குக் கொண்டு போறேன். கொஞ்ச நேரம் நின்னா என்ன, கால் தேய்ஞ்சா போயிரும்?

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், நிக்கிறது.

நீ சேலை எடுக்கப் போனா உனக்கு மெத்தை போட்ட ஸ்டூல் தருவாங்க, உட்கார்ந்துக்குவே. எதிர்ல நாங்க நிப்போம். காலையில ஷட்டர் தூக்கினதும் நிக்க ஆரம்பிச்சா ஷட்டர் இறக்குற வரைக்கும். கஸ்டமர் இல்லாத நேரத்துலயும் நிக்கணும். சாயக் கூடாது. ரேக்ல கையை ஊனக் கூடாது. கேமரா இருக்கு. சூப்பர்வைசர் கதிரேசன் இருக்கான். கேமராவாவது ஒரே பக்கம் பார்க்கும்.

அதுக்கு நாங்க ஒரு வழி வச்சிருந்தோம், கேளு. கால் முடியலைன்னா, "அக்கா, ஊசி விழுந்துருச்சு"ன்னு ஒருத்தி சொல்லுவா. சேலையில விலைச்சீட்டைக் குத்தி வைக்கிற குண்டூசி இருக்குல்ல, அது. ஊசியைத் தேடணும்ல? கவுண்டருக்குப் பின்னாடி குந்திருவா. பக்கத்துல இருக்கிறவ கண்ணைச் சுத்தி விட்டுக்கிட்டு நிப்பா. கதிரேசன் வந்தா லேசா இருமணும். உடனே இவ, "கிடைச்சிருச்சு"ன்னு எந்திரிச்சிருவா. எங்க மாடியில ஒரு நாளைக்கு விழுந்த ஊசிக்குக் கணக்கே கிடையாது. ஒண்ணுகூட நிசமா விழுந்ததில்ல.

நான்தான் அங்க சீனியர். மத்தக் கடைச் சீனியருங்க மாதிரி இல்ல நான். புள்ளைங்க எல்லாம் என் மக மாதிரி. ரொம்ப நேரம் ஊசி தேடுனா மட்டும் காலால ஒரு தட்டு தட்டுவேன், "போதும், எந்திரிடி"ன்னு. அதுவும் பாசத்துலதான். நான் எங்கிட்டு உட்கார்ந்தேன், அவளுக உட்கார்றதுக்கு?

இந்த நாற்காலி யாருக்குன்னு கேட்டேல்ல? கேக்கலையா? சரி, நானே சொல்றேன். ஒச்சம்மாளுக்கு. செக்கானூரணிக்காரி. என் பக்கத்துக் கவுண்டர். முழங்காலுக்குக் கீழே அவளுக்கு நரம்பு சுருட்டிக்கிச்சு. மண்புழு ஊர்ற மாதிரி பச்சைப் பச்சையா தடிச்சுக் கிடக்கும். சாயங்காலமானா கால் வீங்கிப் போகும், செருப்புக்குள்ளே நுழையாது. அவதான் அதிகமா ஊசி தேடுறவ. டாக்டர் உட்கார்ந்து பார்க்கிற வேலையாப் பாருன்னு சொல்லிட்டாராம். "உட்கார்ந்து பார்க்கிற வேலைன்னா டாக்டர் வேலைதான்கா இருக்கு, அதுக்குப் படிக்கலையே"ன்னு சிரிப்பா. அப்ப எல்லாம் சிரிப்பா.

கடையில வேலை பார்க்கிறவங்களுக்கு நாற்காலி போடணும்னு சட்டமே வந்துருச்சுன்னு டிவியில சொன்னாங்க. ஒச்சம்மாதான் முதல்ல போய்க் கேட்டா. கதிரேசன், "ஆர்டர் குடுத்திருக்கும்மா, வந்துக்கிட்டிருக்கு"ன்னான். எங்கிருந்து வருதோ, நடந்து வருதோ.

அப்பத்தான் அந்த விளம்பரம் எடுக்க வந்தாங்க. தீபாவளிக்கு முன்னாடி.

கடையை அடைச்சுட்டு, பட்டு செக்சன்லதான் எடுத்தாங்க. டெம்போவுல நாற்காலி வந்து இறங்குது தாயி! சிவப்பு வெல்வெட்டு மெத்தை, ஓரமெல்லாம் பித்தளைப் பூ. ஒச்சம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டா. "அக்கா, வந்துருச்சுக்கா. கதிரேசன் சொன்னது பொய்யில்லக்கா"ன்னா. நானும் நம்பினேன். பித்தளைப் பூவெல்லாம் எதுக்கு, சும்மா மரத்துல போட்டிருக்கலாமேன்னுகூட நினைச்சேன்.

அப்புறம் மெட்ராஸ்ல இருந்து ஒரு வேன் நிறைய பொண்ணுங்க இறங்குச்சு. சிவப்பா, ஒல்லியா, கண்ணாடி மாதிரி. எங்க சீருடைச் சேலையில புதுசாப் பார்த்து அதுகளுக்குக் கட்டி விட்டாங்க. விசாரிச்சா, அதுகதான் விளம்பரத்துல கடையில வேலை பார்க்கிற பொண்ணுங்களாம். உள்ளே அத்தனை பேர் வேலை பார்க்கிறவளுக நிக்கிறோம், வேலை பார்க்கிறவளா நடிக்க வேற ஆளு! எங்களை ரேக்குக்குப் பின்னாடி போய் நிக்கச் சொல்லிட்டாங்க. நிழல்கூட விழக் கூடாதாம். ஒச்சம்மா என் காதுல கேட்டா: "அக்கா, அவளுக நாமன்னா, அப்ப நாம யாருக்கா?"

கோவம் வருமா வராதா?

ஆனா வயசான ஆளு ஒண்ணு வேணும்னு அந்த டைரக்டர் தம்பி தேடுனான். எல்லாத்தையும் தாண்டி என்கிட்ட வந்து நின்னான். "இந்த அம்மா முகத்துல ஒரு லட்சணம் இருக்கு"ன்னான். நான் சொல்லலை, அவன் சொன்னான். அந்தத் தம்பி நல்ல புள்ளை. குத்தமெல்லாம் கடைக்காரங்க மேலதான்.

கதை என்னன்னா, ஒரு பொண்ணு கல்யாணப் பட்டு எடுக்க வருது. நான் நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். மொதலாளியே தன் கையால டீ கொண்டாந்து எனக்குக் குடுக்கிறார். அந்தப் பொண்ணு, "உங்க அம்மாவா சார்?"ங்குது. "எங்க கடையில வேலை பார்க்கிற எல்லாரும் எனக்கு அம்மா மாதிரிதான்"ங்கிறார். உடனே வீணை வாசிக்கும். 'இது கடை இல்லை, நம்ம வீடு'ன்னு எழுத்து வரும்.

அம்மா மாதிரியாம்! அவரோட அம்மா கடைக்கு வந்தா லிஃப்ட்ல போவாங்க. நாங்க லிஃப்ட் பொத்தானைத் தொடக் கூடாது, படிதான். ஒச்சம்மா அந்தக் காலை வச்சுக்கிட்டு படிதான்.

மொதலாளிக்கு டீ குடுக்கத் தெரியலை தாயி. சாமி சத்தியமா. கிளாஸை நீட்டுறார், முகம் எங்கிட்டோ இருக்கு. "சார், அவங்க முகத்தைப் பார்த்துக் குடுங்க"ங்கிறான் டைரக்டர். திரும்பத் திரும்ப எடுத்தாங்க. டீ ஆறி, மாத்தி, மறுபடி ஆறி. அத்தனை வருசத்துல அந்த மனுசன் என் முகத்தைப் பார்த்தது அன்னைக்குத்தான். பார்த்துட்டு, "நீ எந்த செக்சன்ம்மா?"ன்னு கேட்டார். பட்டு செக்சன்ல நின்னுக்கிட்டே கேட்டார்.

எனக்கும் சிரிப்பு வரலை. "கடைச் சிரிப்பு வேணாம்மா, மனசுல இருந்து சிரிங்க"ங்கிறான் தம்பி. எங்கிட்டு இருந்து வரும்? அப்புறம், "நல்லா சாய்ஞ்சு உட்காருங்க"ன்னான். சாய்ஞ்சேன். அந்த மெத்தை இடுப்பைத் தாங்குச்சு. ரெண்டு முட்டியும் அப்படியே கழண்டு விழுந்த மாதிரி... என்னத்தைச் சொல்ல? சிரிப்பு தானா வந்துருச்சு. "இதுதான்! இதுதான்!"னு கத்துறான். உன் பையில இருக்கிற சிரிப்பு அதுதான். மொதலாளிக்குச் சிரிச்சதுன்னு ஊரே நினைச்சுக்கிச்சு. அது என் முட்டி சிரிச்ச சிரிப்பு.

மத்தியானம் அவங்க சாப்பிடப் போனப்ப, ஒச்சம்மா நாற்காலிகிட்ட வந்தா. "ஒரே ஒரு நிமிசம் உட்கார்ந்துக்கிறேன்"னா. லைட்டு புடிக்கிறவன் விரட்டிட்டான். "மெத்தையில பள்ளம் விழுந்துரும், படத்துல தெரியும்"னான். நான் வேணா உட்காரலாம்னான். அவன் சொன்னதுக்கு அப்புறம் எப்படி உட்காராம இருக்கிறது? உட்கார்ந்தேன். அவ பக்கத்துல நின்னுக்கிட்டா.

சாயங்காலம் டெம்போ திரும்ப வந்துச்சு. நாற்காலியெல்லாம் ஏறுது. ஒச்சம்மா நொண்டிக்கிட்டே வாசல் வரைக்கும் ஓடுறா. "அண்ணே, ஒண்ணை மட்டும் இறக்குங்கண்ணே, மறந்துட்டுப் போறீங்க"ங்கிறா. டெம்போக்காரனுக்கு ஒண்ணும் புரியலை. "வாடகை நாற்காலிம்மா, அடுத்து ஒரு சடங்கு வீட்டுக்குப் போகுது"ங்கிறான். கதிரேசன் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். கோவம் வருமா வராதா?

தீபாவளிக்கு விளம்பரம் ஓடுச்சு. சும்மா சொல்லக் கூடாது, தெருவே என் வீட்டுக்கு வந்துருச்சு. எந்தச் சேனலைத் திருப்பினாலும் நான்தான். கட்டப்பையில நான். கடை வாசல்ல ஆள் உசரத்துக்கு அட்டையில வெட்டி வச்சிருந்தாங்க, நாற்காலியோட. கதிரேசன் என்னை மாடியில இருந்து இறக்கி அந்த அட்டைப் பக்கத்துல நிறுத்திட்டான். வர்றவங்களுக்குக் கும்பிடு போட. அட்டையில இருக்கிறவ உட்கார்ந்திருக்கா, நான் பக்கத்துல நிக்கிறேன். காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அவ அசையாம உட்கார்ந்திருக்கா, நான் அசையாம நிக்கிறேன்.

சனங்க சும்மா போகுதா? "அட, டீ குடிக்கிற பெரியம்மா!"ன்னு நடுவுல புகுந்து போட்டோ எடுக்கும். "உங்களுக்கென்ன பெரியம்மா, குடுத்து வச்சவங்க. மொதலாளி கையால டீ! எங்க ஆபீஸ்ல எல்லாம் தண்ணிகூட நாமதான் புடிச்சுக் குடிக்கணும்"னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. அட்டை நாற்காலியைக் காட்டிச் சொல்லுச்சு. நிக்கிற என் கால் அது கண்ணுல படலை.

ஒச்சம்மா மட்டும் ஒரு மாதிரி ஆயிட்டா. "உன் சிரிப்பைப் பார்த்துட்டு எங்க ஊர்ல என்ன சொல்றாங்க தெரியுமாக்கா? இம்புட்டுச் சொகுசான வேலைக்குப் போயிட்டு வந்து கால் வலிக்குதுன்னு நடிக்கிறேனாம். எம் புருசனே சொல்றான்"னா. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

அவதான் ஒரு வாரலீவு அன்னைக்கு லேபர் ஆபீசுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்தது. எனக்கே தெரியாது. ஒரு ஆபீசரம்மா வந்தாங்க. கண்டிப்பான ஆளு, முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுச்சு. மொதலாளி பதறவே இல்ல. வாசல் டிவியில அந்த விளம்பரத்தைப் போட்டுக் காட்டினார். "பாருங்க மேடம், ஊருக்கே தெரியும். நாங்க உட்கார வைக்காம யாரு உட்கார வைக்கிறது?"ங்கிறார். அந்தம்மா விடலை. டிவியைப் பார்க்கிறாங்க, என்னைப் பார்க்கிறாங்க. நேரா என்கிட்ட வந்து, என் முகத்தைப் பார்த்து, "நீங்கதானே அது? உங்களுக்கெல்லாம் உட்கார வசதி இருக்கா?"ன்னு கேட்டாங்க.

ஒச்சம்மா மாடிப்படியில நிக்கிறா. பார்த்துக்கிட்டே நிக்கிறா.

நான் சிரிச்சேன்.

என்ன அப்படிப் பார்க்கிறே? உனக்குத் தெரியாது தாயி. கடைக்காரி முகத்தை யாராவது பார்த்தா அவ சிரிச்சிருவா. நூறு சேலையைப் பிரிக்க விட்டுட்டு ஒண்ணும் எடுக்காமப் போனாலும் சிரிப்பா. திட்டுனாலும் சிரிப்பா. எங்க மாமியார் செத்த வீட்டுல, துக்கம் கேக்க வந்தவங்க முகத்தைப் பார்த்து வாங்கன்னு சிரிச்சு, நான் வாங்காத பேச்சு இல்ல. பழக்கம். வாய் தானா விரிஞ்சுரும். சிரிச்சுட்டு, அப்புறம்தான் என்ன கேட்டாங்கன்னே உறைக்கும். அதுக்குள்ளே அந்தம்மா தலையை ஆட்டிட்டுத் திரும்பிட்டாங்க. "சந்தோசமாத்தான் இருக்காங்க"ன்னு மொதலாளிகிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு. நான் பொய் சொல்லலை. வாயையே தொறக்கலையே! நாற்காலி இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னேனா? நீயே சொல்லு.

அதுக்கப்புறம் கதிரேசன் ஆட்டம் தாங்கலை. "ஊசி விழுந்தா விழுந்ததாவே இருக்கட்டும். ஒருத்தியும் குனியக் கூடாது"ன்னு உத்தரவு. யாரு சொல்லிக் குடுத்தாளோ, ஊசி விசயம் அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. ஒச்சம்மாளைக் கேமராவுக்கு நேர் கீழே நிறுத்திட்டான்.

பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. கடை கொள்ளாத கூட்டம். மாடியில ஒரே சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா, ஒச்சம்மா காலுல அந்த நரம்பு வெடிச்சுப் போச்சு. ரத்தம் பீச்சி அடிக்குது. அவ நின்னுக்கிட்டே இருக்கா தாயி! கவுண்டரைப் புடிச்சுக்கிட்டு, கீழே பார்த்துக்கிட்டு நின்னுக்கிட்டே இருக்கா. உட்காரணும்னு அவளுக்குத் தோணலை. கதிரேசன் ஓடி வந்தான். வந்து என்ன சொன்னான் தெரியுமா? "பட்டை எடு! பட்டை எடு! கறை பட்டுரும்!"னான். ஆளாளுக்குச் சேலையை அள்ளுதுங்க. ஒருத்தியும் அவளைப் புடிக்கலை. நான்தான் புடிச்சு, தரையில உட்கார வச்சு, காலைத் தூக்கி என் மடியில வச்சு, ரேக்ல இருந்து கைக்கு வந்த பட்டை உருவி இறுக்கிக் கட்டினேன். கல்யாணப் பட்டு. கதிரேசன் கத்துறான், கத்தட்டும்னு கட்டினேன்.

அவளை ஆட்டோவுல ஏத்தி விட்டோம். ஏத்தும்போது என் கையைத் தட்டி விட்டுட்டா. வலியில.

திரும்பி வாசலுக்கு வர்றேன். அந்த அட்டைக்காரி சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ! உள்ளே போய்க் கஸ்டமருக்குப் போடுற ஸ்டூலைத் தூக்கிட்டு வந்தேன். அவ பக்கத்துல போட்டேன். உட்கார்ந்தேன். சேலையெல்லாம் ரத்தம்.

கதிரேசன் வந்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டு, மெதுவா, "தவமணிக்கா, என்ன தேடுறீங்க?"ன்னான்.

"ஒண்ணும் தேடலை. உட்கார்ந்திருக்கேன்"னேன்.

"எந்திரிங்க. கஸ்டமர் வர்றாங்க."

"முதல்ல அவளை எழுப்பு. அவ தீபாவளியில இருந்து உட்கார்ந்திருக்கா. அவ எந்திரிச்சா நானும் எந்திரிக்கிறேன்."

சனம் கூடிருச்சு. விளம்பரம்னு நினைச்சுக்கிச்சு. செல்லைத் தூக்கிட்டாங்க. சத்தம் கேட்டு மொதலாளி வந்துட்டார். கூட்டத்துல ஒருத்தன், "சார், டீ குடுங்க சார்! விளம்பரத்துல வர்ற அந்த டீ சீன் சார்!"னு கத்துறான். எல்லாரும் கை தட்டுறாங்க. நான் அவர் முகத்தைப் பார்த்து, "மொதலாளி, டீ கொண்டாரலையா?"ன்னேன். அவர் செல்லுகளைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். கதிரேசன் ஓடிப் போய் ஒரு கிளாஸ்ல கொண்டாந்தான். மொதலாளி வாங்கி, குனிஞ்சு, என் முகத்தைப் பார்த்துக் குடுத்தார். இந்தத் தடவை ஒரே முறையில சரியாக் குடுத்துட்டார்.

"சிரிங்க பெரியம்மா! சிரிங்க!"ன்னு எல்லாரும் கத்துறாங்க.

அத்தனை பேர் என் முகத்தைப் பார்க்கிறாங்க தாயி. வாய் இழுக்குது. ரெண்டு பக்கமும் யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இழுக்குது. கடவாப் பல்லைக் கடிச்சுக்கிட்டேன். சிரிக்கலை. டீயைக் குடிச்சேன். சூடா, மெதுவா, அடி மண்டி வரைக்கும் குடிச்சேன். சிரிக்கலை. ஒவ்வொருத்தரா செல்லை இறக்கிட்டாங்க. அப்பத்தான் ஒரு அம்மா என் சேலையில இருந்த ரத்தத்தைப் பார்த்துட்டு, "என்னங்க ஆச்சு?"ன்னு கேட்டுச்சு. "உள்ளே ஒருத்திக்கு நின்னு நின்னே கால் நரம்பு வெடிச்சுப் போச்சு. அவளுக்கு உட்கார ஒரு நாற்காலி இல்ல"ன்னேன். வீணை கீணை ஒண்ணும் வாசிக்கலை.

மறுநாள் வாட்ச்மேன் உள்ளே விடலை. "மன்னிச்சுக்கங்கக்கா, உங்களை விட வேணாம்னு சொல்லிட்டாங்க"ன்னான். அட்டைக்காரி உள்ளேயேதான் இருக்கா. உட்கார்ந்துதான் இருக்கா. அவளை நிப்பாட்ட அவங்களுக்கு மனசு வரலை. இப்ப மாடிக்கு நாலு நாற்காலி போட்டிருக்காங்களாம். கஸ்டமர் கண்ணுல படுற மாதிரி. ஒருத்திகூட உட்கார்றதில்லையாம். எவ முதல்ல உட்கார்றான்னு கதிரேசன் பார்த்துக்கிட்டே நிக்கிறானாம்.

ஒச்சம்மா பிழைச்சுட்டா. வீட்டுலதான் இருக்கா. நான் ரெண்டு தடவை போயிட்டேன், முகத்தைத் திருப்பிக்கிட்டா. ஏன்னுதான் விளங்கலை. கட்டினது நான், ஆட்டோவுல ஏத்தினது நான், அவளுக்காக வேலை போனது எனக்கு. நான் என்ன செஞ்சேன் அவளுக்கு? சிரிச்சேன். அவ்வளவுதானே? அதான் இந்த நாற்காலி. கை வச்ச நாற்காலி, சாய்ஞ்சுக்கலாம். வாசல்ல வச்சுட்டாவது வந்துருவேன்.

செக்கானூரணியா? அதுக்குள்ளேயா? இல்லையா, இன்னும் ரெண்டு ஸ்டாப்பா?

ஏத்தா பூக்காரம்மா, நீ இன்னும் நின்னுக்கிட்டேதான் வர்றியா? கால் மாத்திக் கால் மாத்தி நிக்கிறியே. உட்காரு. ஆமா, அதுலதான். என்ன சிரிக்கிறே? உட்கார்றதுக்கு இல்லைன்னு நான்தான் சொன்னேன். சொல்லிட்டேன், விடு. அந்தக் காகிதத்தைப் பிரிச்சு எறி. கூடையை இங்க குடு, தாயி மடியில வச்சுக்கும்.

சிரிக்கவெல்லாம் வேணாம். சும்மா உட்காரு.